கால் பார்த்து அடிக்கிறவர்கள்

சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை இரவு, அயர்லாந்தின் கார்க் நகரில் மருத்துவம் படிக்கும் என் அண்ணன் மகள் ஒரு காணொளி அனுப்பினாள். நம் நாட்டுப் பிள்ளைகள் பலர் அங்கே படிக்கிறார்கள். குளிரைப் பற்றியும் பரீட்சையைப் பற்றியும்தான் வழக்கமாகச் செய்தி வரும். இது வேறு மாதிரி. ஏதோ ஒரு கிராமத்துக் கடையின் மூலையில் இரண்டு பேர் ஃபிடில் வாசிக்கிறார்கள். நாம் வயலின் என்று சொல்வதும் அதைத்தான். பக்கத்தில் ஒருவர் அக்கார்டியன் வாசிக்கிறார். நடுவில் நான்கு ஜோடி சதுரமாக நின்று ஆடுகிறது. "சித்தப்பா, இதுக்குப் பேரு போல்காவாம். வாசிக்கிற தாத்தாவோட கண்ண மட்டும் பாருங்க" என்று எழுதியிருந்தாள்.

பார்த்தேன். அவர் வில்லையும் பார்க்கவில்லை, தன் விரலையும் பார்க்கவில்லை. ஆடுகிறவர்களின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பார்வை எனக்குத் தெரிந்த பார்வை. நெகிரி செம்பிலானில் ரந்தாவ் பக்கத்தில் இருந்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். அங்கே மாரியம்மன் திருவிழாவுக்கு உறுமி அடித்த ஒரு பெரியவர் இப்படித்தான் பார்ப்பார். காவடிக்காரர் முன்னால் போவார். இவர் பின்பக்கமாகவே நடந்து, முகத்தைக் காவடிக்குக் கொடுத்து, கண்ணைக் கீழே இறக்கி அடித்துக்கொண்டு போவார். கல் தடுக்கி விழுந்து நான் பார்த்ததில்லை.

போல்கா அயர்லாந்துச் சரக்கு இல்லை. 1830களில் பொஹீமியாவில், அதாவது இன்றைய செக் நாட்டில் கிளம்பியது. 1840களில் பாரிஸ் பணக்காரர்கள் அதற்குப் பைத்தியமானார்கள். அப்புறம் ஐரோப்பா முழுவதும் சுற்றி, அயர்லாந்தின் தென்மேற்கில் கார்க், கெர்ரி எல்லையில் இருக்கும் ஷ்லீவ் லூக்ரா என்ற ஏழை மலைக்காட்டில் வந்து உட்கார்ந்துவிட்டது. பாரிஸ் மறந்துவிட்டது, அந்தக் குடியானவர்கள் மறக்கவில்லை. நம் கணக்கில் சொன்னால் போல்கா இரட்டை எண்ணிக்கை: தகதிமி தகதிமி. அதே ஊரில் ஸ்லைடு என்று இன்னொரு வகை உண்டு, அது தகிட தகிட என்று மூன்று மூன்றாக ஓடும். காவடிச் சிந்து கேட்டு வளர்ந்த காதுக்கு ஸ்லைடுதான் நெருக்கமாகப் படும். நான் தேடிக் கேட்ட வரையில் அப்படித்தான் பட்டது.

அந்தப் பகுதியில் பாட்ரிக் ஓகீஃப் என்று ஒருவர் இருந்தார். 1887இல் பிறந்தவர், 1963இல் இறந்தார். பள்ளி ஆசிரியர் வேலை. குடியாலும் ஒழுங்காகப் பள்ளிக்குப் போகாததாலும் வேலை போனது. அதற்கப்புறம் நாற்பது ஆண்டுக்கு மேல் வீடு வீடாக நடந்து, குடியானவர் பிள்ளைகளுக்கு ஃபிடில் சொல்லிக் கொடுத்தே காலத்தை ஓட்டினார். பிள்ளைகளுக்கு ஸ்வரம் படிக்கத் தெரியாது. அதனால் தானே ஒரு எழுத்து முறை வைத்துக்கொண்டார். எந்தத் தந்தி என்பதற்குக் கோடுகளின் இடைவெளி, எந்த விரல் என்பதற்கு எண். தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். 1952இல் ஷேமஸ் என்னிஸ் என்பவர் பிபிசிக்காக அவரையும் அவருடைய மாணவர்களான டெனிஸ் மர்ஃபி, ஜூலியா கிளிஃபோர்டு இருவரையும் ஒலிப்பதிவு செய்தார். அந்தத் தாள்களில் பல இன்றும் இருக்கின்றன, ஒலிப்பதிவும் இருக்கிறது. என் அண்ணன் மகள் பார்த்த கடையில் வாசித்தவர்கள் அந்த வரிசையில் வந்தவர்கள்தான்.

இதைப் படித்த அன்று எனக்கு வந்த கேள்வி ஒன்றே ஒன்று. எங்கள் தோட்டத்து உறுமிக்காரர் யாருக்குச் சொல்லிக் கொடுத்தார்?

உரசிப் பேச வைக்கும் தோல்

உறுமியும் ஃபிடிலும் ஒரு வகையில் உறவு. மேளத்தைத் தட்டினால் சத்தம் பிறந்த உடனே செத்துப்போகும். ஃபிடிலில் வில் தந்தியை உரசுவதால் சத்தம் நீளும், வளையும், அழும். உறுமியிலும் அதே வித்தை. உடுக்கை போல இடை சிறுத்த உடம்பு, இரண்டு முகம். ஒரு முகத்தில் மெல்லிய குச்சியால் அடிப்பார்கள். மற்ற முகத்தில் வளைந்த குச்சியை அழுத்தி உரசுவார்கள். அந்த உரசலில்தான் பெயருக்கேற்ற உறுமல் வருகிறது. உலகத்தில் உரசி ஒலி எழுப்பும் மேளங்கள் வேறு நாடுகளிலும் உண்டு. பிரேசில்காரர்கள் கூய்க்கா என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். ஆனால் தோலின் மேல் குச்சியை நேராக இழுத்து, அதைத் தாளத்துக்குள் வைத்து, ஒரு மனிதனை ஆட வைக்கிற அளவுக்கு வளர்த்தது நம் ஆட்கள்.

உறுமி தனியாக வருவதில்லை. பம்பை கூட வரும், தவில் வரும், வசதி இருந்தால் நாதஸ்வரம் வரும். எங்கள் தோட்டத்தில் நாதஸ்வரத்துக்குச் சிரம்பானிலிருந்துதான் ஆள் வரவேண்டும், அதுவும் தீமிதி அன்று மட்டும். மற்ற நாளெல்லாம் உறுமி, பம்பை, தப்பு. தமிழ்நாட்டில் பறை என்று சொல்வதை நாம் தப்பு என்கிறோம். வட்டமான மரச் சட்டத்தில் தோல் இழுத்துக் கட்டி, நெருப்பில் காய்ச்சிச் சுருதி ஏற்றுவார்கள். சிறுவர்கள் எங்களுக்கு அந்தக் காய்ச்சும் நேரம்தான் திருவிழாவின் ஆரம்பம். தென்னை ஓலையைக் கொளுத்தித் தப்பைக் காட்டிக் காட்டி, விரலால் சுண்டிப் பார்ப்பார்கள். சத்தம் "டங்" என்று திரும்பினால் ஆட்டம் தயார்.

இங்கே ஒரு பக்கவாட்டு விஷயம். நம் மாநிலத்துக் கம்பங்களிலும் வயலின் கேட்டு ஆடியிருக்கிறார்கள். மலாய்க்காரர்களின் ரோங்கெங் ஆட்டத்துக்கு பியோலா, ரெபானா, கோங் மூன்றும் வேண்டும். பியோலா என்பது வயலின்தான். ஜோகெட் தாளத்தைக் கவனித்தால் இரண்டும் மூன்றும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். மலாக்காவின் போர்த்துகீசியர் ஆடும் பிராஞ்ஞோவுக்கு அது நெருங்கிய சொந்தம். நம் பி. ரம்லியும் வயலின் வாசிக்கத் தெரிந்தவர்தான். இன்னும் பின்னால் போனால், வயலின் தமிழ்நாட்டுக் கச்சேரி மேடைக்கு வந்த கதையிலும் ஆட்டக்காரர்கள் இருக்கிறார்கள். சென்னையில் ஆங்கிலேயர் பேண்டு வாசித்ததைக் கேட்டு வயலின் கற்றவர் முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர். அதே காலத்தில் வயலினில் பெயர் வாங்கிய இன்னொருவர் தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு, நடனத்துக்கு நட்டுவாங்கம் செய்த குடும்பம். திருவாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் அவருக்குத் தந்தத்தில் செய்த வயலின் ஒன்றைப் பரிசளித்தார். ஆட்டத்துக்கு வாசிக்கிறவனுக்குத் தந்த வயலின் கிடைத்த காலமும் இருந்திருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன். எங்கள் தோட்டத்தில் கிடைத்தது ஒரு வேட்டி, தேங்காய், கொஞ்சம் அரிசி, சில வெள்ளி.

கடைசி லயத்து வீடு

அந்தப் பெரியவரை இப்போது தாத்தா என்று கூப்பிடுகிறேன். சின்ன வயதில் அப்படிக் கூப்பிட்டதில்லை. தோட்டத்தில் சின்னப் பிள்ளைகள்கூட அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அவர் என் அப்பாவை "ஐயா" என்பார். அப்பாவும் அவரும் ஒரே பெரட்டில் நின்று, ஒரே நேரத்தில் பால்மரம் சீவப் போனவர்கள், ஒரே சம்பளம். வீடு மட்டும் அவருக்குக் கடைசி லயத்தில். திருவிழாவில் சாமி அவர் அடிக்கு ஆடும். அவர் கோயில் வாசலுக்கு வெளியே நிற்பார். சாவு விழுந்தால் முதலில் ஆள் அனுப்புவது அவர் வீட்டுக்கு. கல்யாணப் பந்தியில் அவர் உட்காரும் இடம் வேறு. இதையெல்லாம் எழுதினால் சில வாசகர்களுக்குச் சங்கடமாக இருக்கும். தோட்டத்தில் எல்லோரும் ஒரு தாய் பிள்ளையாக இருந்தோம் என்று எழுதுவதுதான் நம் வழக்கம். பாதி உண்மை அது. மீதிப் பாதி இல்லாமல் இந்த இசையின் கதையைச் சொல்ல முடியாது.

அவருடைய அப்பா சேலம் பக்கத்திலிருந்து கங்காணியோடு கப்பல் ஏறியவர். 1938இல் இந்திய அரசு தோட்டத்துக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தியதே, அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னால். தகரப் பெட்டியோடு ஓர் உறுமியும் வந்தது. ஜப்பான்காரன் காலத்தில் சயாம் மரண ரயிலுக்கு ஆள் பிடித்துப் போனபோது, பம்பை அடித்த சித்தப்பா போனார், திரும்பவில்லை. அப்பா மட்டும் மகனுக்கு உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார். ஏட்டில் எதுவும் கிடையாது. தொடையில் தட்டித் தட்டி, வாயால் சொல்லிச் சொல்லித்தான்.

இவர் தன் மகனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. மகன் கேட்டிருக்கிறான். பத்து வயதில் குச்சியை எடுத்து உரசிப் பார்த்திருக்கிறான். "வாங்கி மேல போட்டுட்டேன் தம்பி. இந்தக் குச்சி என்னோட போவட்டும், நீ படின்னுட்டேன்" என்றார் என்னிடம். மகன் படித்து, செனவாங் தொழிற்பேட்டையில் டெக்னீசியன் ஆகி, வீடு வாங்கி, அப்பாவையும் அங்கே கூட்டிப் போய்விட்டார்.

இதை வீம்பு என்று சொல்கிறவர்கள் உண்டு. கலையைத் தானே புதைத்தார் என்று ஒரு நண்பர் சொன்னார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. பெரியார் 1929 கடைசியில் மலாயாவுக்கு வந்தார். அதற்குப் பிறகு சாரங்கபாணி போன்றவர்கள் 1932இல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் ஆரம்பித்து, 1935இல் தமிழ் முரசு நடத்தி, தோட்டம் வரை சுயமரியாதைப் பேச்சைக் கொண்டு போனார்கள். தமிழ்நாட்டிலும் சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்று பல ஊர்களில் மறுத்தார்கள், அடி வாங்கியும் மறுத்தார்கள். குச்சியைக் கீழே போடுவது தலை நிமிர்வதற்கு அவர்கள் கண்ட வழி. ஓகீஃப் வீட்டுக்கு வீடு போய்ச் சொல்லிக் கொடுத்தபோது, ஃபிடில் எடுத்ததற்காக எந்தப் பிள்ளையும் பந்தியில் தனியாக உட்கார வேண்டியிருக்கவில்லை. அந்த வித்தியாசத்தை மறந்துவிட்டு, "அவர்கள் காப்பாற்றினார்கள், நாம் காப்பாற்றவில்லை" என்று பேசுவது நியாயமில்லை.

காலம் ஒரு வளைவு வளைந்தது. தமிழ்நாட்டில் பறையை மறுத்தவர்களின் பிள்ளைகளே பிற்காலத்தில் அதைப் பெருமையாகக் கையில் எடுத்தார்கள். திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பெண்கள் பறை அடித்து ஆடுகிறார்கள். மதுரைப் பக்கத்து வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். நம் நாட்டில் வேறு மாதிரி நடந்தது. தோட்டங்கள் கைமாறின, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனையும் போய்த் தாமான்கள் வந்தன. சிரம்பானைச் சுற்றி இன்று வரிசை வீடுகள் நிற்கிற இடங்களில் ஒரு காலத்தில் பால்வாளி தூக்கியவர்களின் பேரப்பிள்ளைகள், வெள்ளைச் சட்டையோ கறுப்பு டி-சட்டையோ போட்டுக்கொண்டு உறுமி மேளக் குழு ஆரம்பித்தார்கள். எந்த லயத்துப் பிள்ளை என்று யாரும் கேட்பதில்லை. தமிழ்நாட்டில் இருந்து வருகிறவர்கள் தைப்பூசத்தில் நம் உறுமிக் குழுக்களைப் பார்த்து வாய் பிளப்பதை நானே பார்த்திருக்கிறேன். சிங்கப்பூரில் தைப்பூச ஊர்வலத்தில் மேளத்துக்கு 1973 முதல் தடை இருந்தது. 2016இல்தான் சில குறிப்பிட்ட இடங்களில் மட்டும் நேரடி இசைக்கு விட்டார்கள். நாம் அந்த வகையில் கொடுத்து வைத்தவர்கள்.

பெரியவர்களுக்குக் குறை நிறைய. சினிமாப் பாட்டு அடிக்கிறார்கள், குண்டர் கும்பல் மாதிரி வருகிறார்கள், சத்தம் தாங்கவில்லை. சிலது உண்மைதான். ஆனால் வாரத்தில் ஆறு நாள் தொழிற்சாலையில் நின்றுவிட்டு, ஏழாம் நாள் பொது மண்டபத்தில் வியர்க்க வியர்க்க மேளம் பழகுகிற பிள்ளையைக் குண்டன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் குறை வேறு.

"யாருக்கு அடிச்சீங்க?"

நான்கு மாதம் முன்பு தாத்தாவை அப்படி ஒரு குழுவிடம் கூட்டிப் போனேன். செனவாங்கில் அவர் மகன் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான். பதினாறு பேர், அதில் ஒரு பெண். உறுமிகளில் ஆட்டுத்தோலுக்குப் பதில் பிளாஸ்டிக் தோல். மழை பெய்தாலும் சுருதி இறங்காது. நெருப்பு மூட்டும் வேலையும் இல்லை. தாத்தா அதைத் தடவிப் பார்த்து, "நல்லதுதான், ஓல தேடி அலைய வேணாம்" என்றார். பழசைப் பற்றிப் புலம்புவார் என்று எதிர்பார்த்திருந்த பையன்களுக்கு அதுவே பாதி ஆச்சரியம்.

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து முழுதும் கேட்டார். பத்து நிமிடம் மண்டபம் அதிர்ந்தது. முடிந்ததும் தலைவன் பையன் பக்கத்தில் வந்து நின்றான்.

"யாருக்கு அடிச்சீங்க?" என்று கேட்டார்.

"சும்மா ப்ராக்டிஸ் தாத்தா."

"ஆடுறவன் இல்லையே. ஆடுறவன் இல்லாம அடி எங்க நிக்கும்?"

பையனுக்குப் புரியவில்லை. எனக்கே அப்போது முழுதாகப் புரியவில்லை. தாத்தா எழுந்தார். முட்டி வலி, எண்பது தாண்டிவிட்டது. தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைக் கவிழ்த்துத் தோளில் வைத்து, அதைக் காவடியாக்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். "என் காலப் பாத்து அடிங்க."

முதல் தடவை, அவர் நின்ற பிறகும் குழு ஓடிக்கொண்டிருந்தது. எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்து அடிக்கப் பழகியவர்கள். பாட்டு எங்கே போகும் என்று மனப்பாடம். இரண்டாம் தடவை அவர் வேண்டுமென்றே ஓர் அடி தாமதித்தார். மூன்று பேர் அவரோடு நின்றார்கள், மற்றவர்கள் முன்னால் போய் மோதிக்கொண்டார்கள். சிரிப்பு. மூன்றாம் தடவை அந்தப் பெண்பிள்ளை மட்டும் கண்ணை அவர் காலில் இருந்து எடுக்கவில்லை. அவர் இடது கால் சற்று இழுத்தது, அவளுடைய உரசலும் இழுத்தது. தாத்தா நின்று திரும்பிப் பார்த்து, நாற்காலியை இறக்கினார். "இந்தப் புள்ளைக்குக் காது கண்ணுல இருக்கு" என்றார். அதைவிடப் பெரிய பாராட்டு அவர் யாருக்கும் கொடுத்து நான் கேட்டதில்லை.

அன்று ஆரம்பித்தது. ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு அவர் வருகிறார். மகனே காடியில் கொண்டுவந்து விடுகிறார். முதல் இரண்டு வாரம் வாசலோடு போய்விட்டார். இப்போது உள்ளே வந்து பின்வரிசையில் உட்காருகிறார். தனக்கு மறுக்கப்பட்டதை இன்னொருவர் பிள்ளைகள் வாங்கிக்கொள்வதைப் பார்க்கும்போது அவர் மனதில் என்ன ஓடுகிறது என்று நான் கேட்கவில்லை. கேட்கிற உரிமை எனக்கில்லை.

ஒவ்வோர் அடியையும் தாத்தா வாயால் சொல்ல, அந்தப் பெண் கைப்பேசியில் பதிவு செய்கிறாள். பின்பு நோட்டில் எழுதுகிறாள். அடிக்கு ஒரு புள்ளி, உரசலுக்கு ஒரு வளைந்த கோடு, கோடு நீண்டால் உரசல் நீளம். ஓகீஃப் பற்றி நான் அவளிடம் சொன்னதே இல்லை; அவளாகவே கண்டுபிடித்த முறை. பக்கத்தில் எதற்கான அடி என்று ஒரு வரி. சாமி புறப்பாட்டுக்கு, பெண் அழைப்புக்கு, காவடி மேடேறும்போது, சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது. சாவு அடிகளை முதலில் தாத்தா சொல்ல மறுத்தார். "அது வேணாம், அந்தப் பேரு உங்களுக்கு வேணாம்." பையன்கள் விடவில்லை. தலைவன் பையன், "எங்க தாத்தா செத்தப்ப நாங்கதான் தாத்தா அடிச்சோம். ஒழுங்கா அடிக்கத் தெரியலன்னுதான் வருத்தம்" என்றான். அடுத்த ஞாயிறு தாத்தா சொல்லிக் கொடுத்தார்.

இதுவரை பதினான்கு அடிகள் நோட்டில் ஏறியிருக்கின்றன. பதினைந்தாவதில் நிற்கிறோம். அருள் வந்தவரைக் கீழே இறக்கும் அடி அது. அருள் ஏற்றத் தெரிந்த குழுக்கள் இன்று எத்தனையோ. ஏறிய பிறகு வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, மூன்றிலிருந்து இரட்டைக்கு மாற்றி, ஆளைப் பத்திரமாகத் தரையில் உட்கார வைக்கிற அடி பையன்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. எலுமிச்சம்பழத்தையும் விபூதியையும் வைத்துச் சமாளிக்கிறார்கள். தாத்தாவுக்கு அதன் முன்பாதி ஞாபகம் இருக்கிறது. இரட்டைக்கு மாறுகிற இடத்தில் கை நின்றுவிடுகிறது. அந்த இடத்தைப் பம்பைதான் எடுத்துக் கொடுக்குமாம், தான் அதைத் தொடர்ந்து போவதுதானாம்.

அவரோடு பம்பை அடித்த மச்சான் பகாவ் பக்கத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். காது சரியாகக் கேட்காது, ஆனால் கை நன்றாக இருக்கிறது என்று போனில் மகள் சொன்னார். வருகிற ஞாயிறு இரண்டு காடி எடுத்துக்கொண்டு போகிறோம். பம்பையை எங்கள் காடியில் ஏற்றுவதாகப் பேச்சு.